வேலை மறுக்கப்பட்டவருக்கும் மறுமதிப்பீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவால் எத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று தங்கள் நாளிதழ் உட்பட எல்லா இடங்களிலும் விவாதம் நடக்கிறது. ஆனால் வேலையில் சேருவதற்கு முன்பே, விண்ணப்பங்களைச் சலித்துத் தள்ளும் இடத்தில் அது வந்து அமர்ந்துவிட்டதைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணியாளர் துறையில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்று, இப்போது பாலிடெக்னிக், கலைக் கல்லூரி மாணவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்க உதவி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெரிய நிறுவனங்களுக்கு இணையவழியில் அனுப்பப்படும் பயோடேட்டாவை முதலில் படிப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். பெயர், படிப்பு, மதிப்பெண், ஆண்டு, அனுபவம் என்று அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேலைக்குரிய சொற்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. நம் பிள்ளைகள் இந்த முதல் படியிலேயே இடறுவதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்து டிப்ளமோ படித்து, பின்பு நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்த மாணவருக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே கிடையாது. படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. சிலர் பூஜ்யம் என்று போடுகிறார்கள், சிலர் டிப்ளமோ சதவீதத்தைப் போடுகிறார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகக் கொண்ட நம்மிடம் குடும்பப் பெயர் கேட்கப்படும்போது, ஒருவர் இனிஷியலை மட்டும் எழுதுகிறார், மற்றொருவர் தகப்பனார் பெயரை முழுதாக எழுதுகிறார். பிறகு மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் உள்ள பெயரோடு அது பொருந்தாமல் போகிறது. எதிரே ஓர் அலுவலர் இருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடக்கூடிய விஷயங்கள் இவை. மென்பொருளிடம் சிக்கினால், வருந்துகிறோம் என்ற இரண்டு வரி மின்னஞ்சல் வரும், அல்லது அதுவும் வராது. காரணம் தெரியாததால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

இத்தகைய மென்பொருள் எப்படித் தவறும் என்பதற்கு அமேசான் நிறுவனத்தின் அனுபவம் ஒன்றே போதும். 2014-இல் அங்கே ஒரு குழு, முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைப் பாடமாகக் கொடுத்து, வேலை தேடுவோருக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது. அந்தப் பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் ஆண்களே ஏற்றவர்கள் என்று மென்பொருள் தானாகக் கற்றுக்கொண்டது. மகளிர் சதுரங்கக் கழகத் தலைவி என்பதுபோல் 'மகளிர்' என்ற சொல் வரும் விண்ணப்பங்களுக்கும், இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்தச் சொற்களைக் கண்டுகொள்ளாதபடி திருத்திப் பார்த்தார்கள். வேறு வழியில் அதே பாகுபாடு நுழையாது என்று யாராலும் உறுதி கூற முடியாததால் திட்டத்தையே கைவிட்டார்கள். இதை 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட பிறகுதான் உலகம் அறிந்தது. பெயருக்குப் பின்னால் சாதியை எழுதும் வழக்கத்தை விட்டொழித்த தமிழ்நாட்டில், ஊர், பள்ளி, அஞ்சல் எண் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மென்பொருள் அதே பிரிவினையைத் தன்னையறியாமல் கற்றுக்கொள்ளாது என்று எப்படி நம்புவது?

ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது மனிதர்கள் எப்படிப் படிப்பார்கள், மனிதர்களிடம் மட்டும் பாரபட்சம் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு; இந்தத் துறையில் இருந்தவன் அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓர் அலுவலரின் பாரபட்சம் அவருடைய மேசையோடு நிற்கும். அங்கே தள்ளப்பட்டவர் அடுத்த நிறுவனத்தில் தேறிவிடுவார். ஒரே மென்பொருளைப் பல நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தினால், ஒரே காரணத்துக்காக எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் சாத்தப்படும். இன்னொன்றையும் மனிதவளத் துறையினர் எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைக் கையால் புரட்டி, எதிரே அமர்ந்தவரிடம் கேள்வி கேட்டுத்தான் எங்கள் தலைமுறை ஆளை எடைபோடக் கற்றது. அந்த முதற்கட்ட வேலை முழுவதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், இன்று சேரும் இளம் அலுவலர் அதன் முடிவு தவறு என்று சொல்லும் அறிவை எங்கே பெறுவார்?

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. ஆட்தேர்வில் இத்தகைய கருவியைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியாரைக் கொண்டு பாரபட்சத் தணிக்கை செய்து அதன் சுருக்கத்தை வெளியிட வேண்டும், விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்தை நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்துகிறது. 2024-இல் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆட்தேர்வு மென்பொருளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. நம் நாட்டிலோ, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இயந்திரம் எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமை இல்லை. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படி, ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளியின் மறுபயிற்சிக்காக நிறுவனம் 15 நாள் ஊதியத்தைச் செலுத்த வேண்டும். உள்ளே இருப்பவருக்கு அந்த அளவாவது உண்டு. வாசலில் நிற்பவருக்கு எதுவுமே இல்லை.

பிளஸ் டூ தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவர் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அதே மாணவர் நான்கு ஆண்டுகள் கழித்து வேலை கேட்டு நிற்கும்போது அந்த உரிமை எப்படிக் காணாமல் போகிறது? மென்பொருளால் நிராகரிக்கப்பட்டவருக்கு அந்தச் செய்தியும் காரணமும் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் கேட்டால் ஓர் அலுவலர் விண்ணப்பத்தை மீண்டும் படித்து, தம் பெயரிட்டுப் பதில் தர வேண்டும். எல்லாரும் கேட்க மாட்டார்கள், ஆகவே நிறுவனங்களால் தாங்க முடியாத சுமையும் இதில் இல்லை.

பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று 2020-லேயே ஒரு கொள்கையை வெளியிட்டது தமிழ்நாடு அரசு. நாடு தழுவிய சட்டம் வரும்வரை காத்திராமல், 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகவும் அரசு நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்கள் வழியாகவும் ஆளெடுக்க வரும் நிறுவனங்களிடம் மேற்சொன்னவற்றை எழுத்துமூலமான நிபந்தனையாகக் கேட்டுப் பெறும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. அதோடு, பிளஸ் டூ மதிப்பெண் இல்லாத டிப்ளமோ மாணவரையும் குடும்பப் பெயர் இல்லாதவரையும் ஏற்கும்படி படிவங்களை மாற்றச் சொல்வதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை. அடுத்த வளாகத் தேர்வுப் பருவம் தொடங்குவதற்குள் தொழிலாளர் நலத் துறையும் உயர்கல்வித் துறையும் இதைச் செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் துறை அலுவலர்,
அம்பத்தூர், சென்னை.