"சொந்தத்துல கட்டினீங்களா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம். என் கணவர் எனக்குத் தாய்மாமன். இதை எத்தனை ஓபி அறைகளில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

மகளுக்கு மூன்றாம் மாதத்தில் ஃபிட்ஸ் வந்தது. அப்புறம் உடம்பெல்லாம் தடிப்பு, தலைமுடி கொட்டியது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. போன இடமெல்லாம் முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டினீங்களா?" ஆமாம் என்றால் ஒரு தலையசைப்பு, ஒரு மருந்துச் சீட்டு, அவ்வளவுதான். எனக்குப் பாட்டியும் மாமியாரும் ஒருவரே. கல்யாணத்தை முடித்து வைத்தது தான்தானே என்று ஒவ்வொரு முறையும் அவர் அழுவார்.

ஒன்றரை வயதில்தான் ஒரு மரபணு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வட்டமும் சதுரமுமாக எங்கள் மூன்று தலைமுறையை வரைந்தார். முடியையும் தோலையும் காதையும் ஃபிட்ஸையும் தனித்தனி நோயாகப் பார்க்காமல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். பயோட்டினிடேஸ் குறைபாடு என்று வந்தது.

பயோட்டின் ஒரு வைட்டமின். முடி வளர வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அதேதான். உடம்பு அதை ஒருமுறை பயன்படுத்திவிட்டு மறுபடியும் பிரித்தெடுத்துக்கொள்ளும். அப்படிப் பிரித்தெடுக்கிற பயோட்டினிடேஸ் என்ற நொதி என் மகளுக்கு இல்லை. மருந்து, தினமும் ஒரு பயோட்டின் மாத்திரை, ஆயுள் முழுக்க. பச்சை முட்டை மட்டும் கூடாது. சில நாட்களிலேயே ஃபிட்ஸ் நின்றது, போகப்போக முடியும் முளைத்தது. காது திரும்பவில்லை. முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தால் காது போயிருக்காது என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். எங்கள் இருவரிடமும் அந்த நொதியை உருவாக்கும் மரபணுவின் பழுதான பிரதி ஒன்று இருக்கிறது; எங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் பழுதானதே போய்ச் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இப்படி அமையலாம், சொந்தத்தில் வாய்ப்பு கூடுதல். இதைப் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் மேலும் பழி போடாமல், அரைமணி நேரம் விளக்கினார். இரண்டாவதாக வந்த மகனுக்குப் பிறந்தவுடனேயே பரிசோதித்தோம். அவனுக்கும் இருந்தது. முதல் வாரத்திலிருந்து மாத்திரை. இப்போது யூகேஜி படிக்கிறான், அக்காவின் காது மெஷினுக்கு பேட்டரி மாற்றுவது அவன் வேலை.

இந்த நோய்க்காகப் பிறந்த குழந்தைகளைப் பரிசோதிப்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1984-லேயே தொடங்கிவிட்டது. குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தாளில் காயவைத்து அனுப்புகிறார்கள். நம் ஊரில் பிரசவம் அநேகமாக முழுதும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கித் தருகிறார். இவ்வளவு கட்டி வைத்திருக்கிற துறையிடம்தான் நம்பிக் கேட்கிறேன்.

எல்லா மாவட்டங்களிலும், ஆரம்ப சுகாதார நிலையம் உட்பட, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் குதிகால் பரிசோதனை வேண்டும். அதில் பயோட்டினிடேஸும் இருக்க வேண்டும். கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போதே, குடும்பத்தில் ஃபிட்ஸ் வந்து இறந்த குழந்தை, காது கேளாத குழந்தை உண்டா என்று செவிலியர் கேட்டு எழுதட்டும். உண்டு என்று சொல்கிறவர்களை அனுப்ப ஓர் இடம் வேண்டுமே. அதற்கு ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மரபணு ஆலோசகர் ஒருவரை நியமியுங்கள். எங்களைப்போல் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த மூன்று தலைமுறைப் படத்தை வரைய நேரம் உள்ள ஒருவராக அவர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா