பொய் ஸ்கேல்

அன்புள்ள அம்மிணிக்கு,

போன ஞாயிறு நீ போனில் சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. கட்டையை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் உளியை வைத்துப் பழக்கமில்லாதவன் நான், உனக்குத் தெரியும். வாட்ஸப்பில் எழுதினால் மீட்டிங் நடுவில் படிப்பாய். அதனால் தபாலில் போடுகிறேன்.

கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, டீச்சராக பி.எட். சேரப் போகிறேன் என்றாய். உன் அம்மா அன்று முழுக்கப் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். எனக்கு மனதில் தைத்தது வேறு. பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய்: "போன வாரம் நான் டெஸ்ட் பண்ணி அனுப்பினதுல ஒரு தப்பு கஸ்டமர் வரைக்கும் போயிருச்சுப்பா. டீமே ராத்திரி முழுக்க உக்காந்துச்சு. எனக்கு ஒண்ணுமே தோணலை. என் பங்கை முடிச்சுக் குடுத்துட்டுப் படுத்துத் தூங்கிட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்று ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நானும் அப்படித் தூங்கியவன்.

1980-ல், பதினேழு வயதில், ஒரு மில்லில் பதிலியாகச் சேர்ந்தேன். நிரந்தரத் தொழிலாளி யாராவது லீவு போட்டால்தான் பதிலிக்கு அன்று வேலை. அதற்காகக் கேட்டில் நிற்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் நூல் நூற்கும் ரிங் பிரேம்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும். நான் பார்க்காமல் விட்ட இழைகளுக்குக் கணக்கில்லை. மேஸ்திரி கத்துவார், தலையைக் குனிந்துகொள்வேன். காலையில் வீட்டுக்கு வந்து பழைய சோற்றைக் குடித்துவிட்டுப் படுத்தால் அப்படி ஒரு தூக்கம். சோம்பேறி என்று மேஸ்திரி சொன்னார். நானும் நம்பினேன்.

பதிலி வேலை கிடைக்காத நாட்களில் கைச்செலவுக்காகக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பேட்டர்ன் பட்டறைக்குப் போவேன். முதலில் இழைப்புச் சுருளைக் கூட்டி அள்ளும் வேலை, அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை. நாலு மாதத்தில் மில் கேட்டுக்குப் போவதே நின்றுவிட்டது. மில் வேலைக்காரன் என்றால் பெண் கொடுக்க வரிசையில் நின்ற காலம் அது. என் அம்மா, உன் ஆத்தா, என்னோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் வகுப்பில் பள்ளி ஃபாரத்தில் என் தொழிலைக் 'கார்பெண்டர்' என்று எழுதினாய். பாதி சரி. பம்பின் வெளிக்கூடான கேசிங்கையோ உள்ளே சுழல்கிற இம்பெல்லரையோ இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதைத் தேக்கில் செய்து தருகிறவன் நான். பேட்டர்ன் என்கிற அந்த மரத்தை மண்ணில் பதித்து உருவி எடுத்தால் ஒரு பள்ளம் கிடைக்கும். இரும்பை உருக்கி அதில்தான் ஊற்றுவார்கள். ஆறும்போது இரும்பு சுருங்கும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று, எஃகு என்றால் இரண்டு. அந்தக் குறைவை முன்கூட்டியே மரத்தில் ஏற்றிவிட வேண்டும். அதற்காக எங்கள் ஸ்கேலே நீளமாக இருக்கும். முப்பது சென்டிமீட்டர் என்று பொறித்திருக்கும். நிஜத்தில் மூன்று மில்லி கூட.

அந்த ஷ்ரிங்கேஜ் ஸ்கேலைத்தான் ஆறாவதில் எனக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு போனாய். பத்து சென்டிமீட்டர் கோடு போடச் சொன்னால் உன் கோடு மட்டும் ஒரு மில்லி நீளம். எல்லாக் கோட்டுக்கும் டீச்சர் சிவப்பு மை. அழுதுகொண்டு வந்து, "உங்க ஸ்கேல் பொய் சொல்லுதுப்பா" என்றாய். நம் வீட்டில் அதற்குப் பொய் ஸ்கேல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அது ஏன் நீளம் என்று நான் சொல்லித் தந்ததும், நீ மறுநாள் போய் டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாய். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் பொய் ஸ்கேல் கதை ஒன்று உனக்குச் சொன்னதில்லை. 1986. பம்பு கேசிங் பேட்டர்ன் ஒன்று தனியாகச் செய்யும்படி கொடுத்தார்கள். அவசரத்தில் ஓர் அளவை மட்டும் சாதா ஸ்கேலில் எடுத்துவிட்டேன். நாற்பது கேசிங் வார்த்தாயிற்று. கடைசல் மெஷினான லேத்தில் ஏற்றி முகத்தைச் சமமாக்கப் பார்த்தால் கடைவதற்கு இரும்பு மிச்சமில்லை. நாற்பதும் திரும்ப உலைக்குப் போயின. பட்டறை மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. என் மேஜையில் இரண்டு ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு போய், கூலி இல்லாமல், அந்தப் பேட்டர்னை முதலிலிருந்து செய்து முடித்தேன். அதே ஆள்தான் மில்லில் நூறு இழையை அறுந்தபடி விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன். சோம்பேறி இல்லை என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிடித்த வேலையைத் தேடு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பிடிப்பதை வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குப் பிரியாணியும் பிடிக்கும், பூனையும் பிடிக்கும். எந்த வேலையில் நடந்த தப்பு ராத்திரி வந்து உன்னை எழுப்புகிறது என்று கேட்டால் ஒருவேளை பதில் கிடைக்கலாம்.

2022 ஆரம்பத்தில் நீ வீட்டிலிருந்து வேலை பார்த்தாயே, அப்போது பக்கத்து வீட்டுத் திண்ணையில் அரசாங்கத்தின் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு நடந்தது. அதை நடத்திய பெண் மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சாயங்காலம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உன் ஆபீஸ் போன் முடிந்ததும் நீ போய் உட்கார்ந்துகொள்வாய். மூன்றில் ஒன்றைவிட நாலில் ஒன்றுதான் பெரியது என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான், மூன்றைவிட நாலு பெரியதாயிற்றே என்று. தோசையை வைத்துச் சொல்லிப் பார்த்தாய், ஏறவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பி, "அப்பா, மரத்துல துண்டு துண்டா அறுத்துத் தர முடியுமா?" என்றாய்.

ஒரே பட்டையை மூன்றாக அறுத்தால் போதுமே என்றாய். ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் ஒன்றரை, இரண்டு மில்லி மரத்தைத் தின்றுவிடும், மூன்று துண்டையும் சேர்த்தால் முழுசு வராது, பையன் அதையே பிடித்துக்கொள்வான் என்றேன். மறுநாள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து செய்தோம்: முழுசு, பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று. பையன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அட, சின்னதாப் போச்சு!" என்றான். அன்று உன் ஆபீஸ் லேப்டாப் எத்தனை தடவை கூப்பிட்டது தெரியுமா? உன் அம்மாதான் வந்து சொன்னாள்.

அந்தப் பையன் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. நீ போன மாதம்கூட அவன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தாய்.

இப்போது நான் ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கில் 200-க்கு 198 வாங்கிவிட்டு, பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறேன் என்றுதான் நீ கேட்டாய். "படிச்சுட்டு? டீச்சராகவா?" என்று கேட்டவன் நான்தான். 2014-ல் சேரன் எக்ஸ்பிரஸில் உன்னைக் கூட்டிக்கொண்டு அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்குப் போனேன். திரையில் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றேன். அப்போது என் மனதில் இருந்தது உன் படிப்பே இல்லை, கரண்ட்டுதான். 2008-ல் ஆரம்பித்த மின்வெட்டு 2012-ல் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? பாதி நாள் பட்டறை இருட்டு. உலையில் உருகின இரும்பு ஊற்றுவதற்குள் உறைந்துபோகிறது என்று பவுண்டரிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டர் இல்லை, சம்பளம் பாதி. என் பெண் கரண்ட் போனாலும் சம்பளம் நிற்காத வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வேலைதான் நம் வீட்டுக் கடனை அடைத்தது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் என் பயத்தை உன் தலையில் வைத்துக் கட்டினேன் என்பதும் நிஜம்.

அதற்காக நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவேன் என்று நினைக்காதே. உன் மாமா முப்பத்து நாலு வருஷம் பேங்கில் இருந்தார். ஒரு நாளும் அந்த வேலை அவர் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. அஞ்சு மணிக்குக் கிளம்பி நேராகத் தோட்டத்துக்குப் போய்த் தென்னைக்குத் தண்ணீர் கட்டுவார். வண்டு விழுந்த ஒரு மரத்துக்காக ஒரு வாரம் புலம்புவார். வேலை சோற்றுக்கு, மனசு தோப்புக்கு என்று பிரித்துக்கொண்ட மனுஷன், சந்தோஷமாகத்தான் இருக்கிறார். அதுவும் ஒரு வழி. நீயும் சனி, ஞாயிறு மட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இந்த வேலையிலேயே இருக்கலாம். அதை ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் தள்ள வேண்டும்.

இன்னொன்று. பிடிபட்ட வேலை கடைசி வரை கூட வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. என் தொழிலையே பார். என் கடைசிப் பத்து வருஷத்தில் டிராயிங் கம்ப்யூட்டரில் வந்தது, பேட்டர்னை மெஷின் வெட்டியது. மண்ணிலிருந்து உருவுவதற்கு ஏற்ற சரிவு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்வது மட்டும்தான் எனக்கு மிச்சம். நான் குறை சொல்லவில்லை, மெஷின் என்னைவிட நன்றாகவே வெட்டியது. உளிகளை எண்ணெய் தடவிச் சுருட்டி வைத்த அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஜி.டி. நாயுடு கதையை இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று பார்க்கிறாயா? ஓட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கியது, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டது... கோயமுத்தூரில் பிள்ளைக்கு இதைச் சொல்லாத அப்பன் கிடையாது. எனக்கு அந்தக் கதை உதவினதில்லை. அவர் எதைத் தொட்டிருந்தாலும் ஓடியிருக்கும். நாம் வாடகையும் அரிசியும் கணக்குப் பார்க்கிற ஆட்கள்.

அதனால் கணக்குக்கு வருகிறேன். நம் பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த ரிட்டையர்ட் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். பி.எட். இப்போது இரண்டு வருஷம், அதில் இருபது வாரம் பள்ளிக்கூடத்தில் போய் இருக்க வேண்டும். அது முடிந்ததும் டெட் என்கிற ஆசிரியர் தகுதிப் பரீட்சை, 150 கேள்வி. ஒரு தடவை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் தேறினால் வேலை என்று அர்த்தமில்லை. அரசுப் பள்ளிக்கு அதற்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வு. தேறிவிட்டுக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் என்றார். பி.இ. படித்தவர்களை எந்தப் பாடத்துக்கு, எந்த வகுப்புக்கு எடுப்பார்கள் என்பதை அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு பார், யூடியூபில் பார்க்காதே. தனியார் பள்ளி என்றால் முதல் சம்பளம் நீ இப்போது கட்டுகிற வாடகைக்கே போதாது. அவர் மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் இருக்கிறாள், தொகையைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இன்னொரு கணக்கு. வரும் ஜூனில் உனக்கு இந்தக் கம்பெனியில் ஐந்து வருஷம் முடிகிறது. அதற்கு முன்னால் ராஜினாமாக் கடிதாசி கொடுக்காதே. ஐந்து முடிந்தால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு: வருஷத்துக்குப் பதினைந்து நாள் பேசிக் சம்பளம், மாதத்தை இருபத்தாறு நாளாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். நான் நடுவில் ஒரு இடத்தில் நாலு வருஷம் மூன்று மாதத்தில் கோபித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு பைசா வரவில்லை. எந்த இடம் என்று உனக்குத் தெரியும், இங்கே எதற்கு. பி.எட். சேர்க்கையும் அதற்கப்புறம்தான், நாள் ஒத்துவரும்.

அதற்குள் இரண்டு வாரம் லீவு எடுத்து வா. தலைமையாசிரியர் தனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கேட்டு வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்பு, நாற்பத்து மூன்று பிள்ளைகள். திண்ணையில் பத்துப் பேரை வைத்துச் சொல்லிக்கொடுத்தது வேறு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற பீரியடில் நின்று பார். ரெஜிஸ்டர், விடைத்தாள், சத்தம் எல்லாவற்றையும் பார். நாற்பத்து மூன்றில் இருபது பேருக்குப் புரியாமல் மணி அடித்துவிட்ட நாளில் வீட்டுக்கு வந்து என்ன செய்கிறாய் என்று நானும் பார்க்கிறேன். வந்து தூங்கிவிட்டாய் என்றால் பெங்களூருக்கே டிக்கெட் போட்டுத் தருகிறேன். பதினொரு மணிக்கு என்னை எழுப்பினாய் என்றால் உன் அம்மாவிடம் பேசுவது என் பொறுப்பு.

அவள் கோபம் பாதி தணிந்துவிட்டது. நேற்று வடகம் பிழிந்து காயப்போடும்போது, "பி.எட். காலேஜ்ல சேலைதான் கட்டணுமாமே, அவகிட்ட நாலு நல்ல காட்டன் சேலை இருக்கா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மரத் துண்டுகள் பரண் மேல் பத்திரமாக இருக்கின்றன. எட்டாம் வகுப்புக்கு அது போதாது, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று எல்லாம் வேண்டியிருக்கும். பழைய ஜன்னல் சட்டத்தில் நல்ல தேக்கு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இழைத்து வைக்கிறேன், அளவை நீ வந்து போடு. வரும்போது ஒரு சாதா ஸ்கேல் வாங்கிக்கொண்டு வா, இங்கே இருப்பது எல்லாம் பொய் ஸ்கேல்தான்.

அன்புடன்,
அப்பா