கஸ்பாவின் வீடுகளைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள்

அல்ஜீரியப் பண்பாட்டு அமைச்சகத்துக்கும் அல்ஜியர்ஸ் நகர நிர்வாகத்துக்கும்,

வணக்கம். உங்கள் தலைநகரின் பழைய பகுதியான கஸ்பாவை யுனெஸ்கோ 1992-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கான நிரந்தரப் பாதுகாப்புத் திட்டம் 2012-ல் ஒப்புதல் பெற்றது. இருந்தும் மழை வலுத்தால் அங்கே வீடு இடிந்ததாகச் செய்தி வருகிறது. அந்த நகரத்தின் வரலாற்றை ஆசையோடு படித்துவருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கடலைப் பார்த்து வளர்ந்த ஊர் அது. 1529-ல் ஒட்டோமான் ஆதரவு பெற்ற கடற்படைத் தலைவர் ஹைருத்தீன் பார்பரோசா எதிரே இருந்த தீவின் ஸ்பானியக் கோட்டையைப் பிடித்து, அந்தத் தீவைக் கரையோடு இணைத்துத் துறைமுகம் ஆக்கினார். 1541-ல் பெரும் கப்பற்படையோடு வந்த, ஸ்பெயினையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ், புயலில் கப்பல்களைப் பறிகொடுத்துத் திரும்பினார். 1830-ல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்ததும் அகலச் சாலைகளுக்காகவும் ராணுவத் திடலுக்காகவும் கீழ்க் கஸ்பாவின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மேல்பகுதிதான். அதுவும் போனால் திரும்ப வராது.

அந்த வீடுகளின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, மேலே மொட்டைமாடி. சரிவில் படிப்படியாக எழுவதால் பின்வரிசை மாடிக்கும் கடல் தெரிகிறது. மேல்தளங்கள் மரக்கழிகளின் தாங்கலில் சந்துக்கு மேலே நீண்டு, சில இடங்களில் எதிர்வீட்டைத் தொடும் அளவுக்கு வருகின்றன. பக்கச்சுவர்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. வரிசையாகத் தோள் கொடுத்து நிற்கும் மனிதர்களைப் போல ஒன்றையொன்று தாங்குகின்றன. 1957 அக்டோபர் 8 அன்று, அல்ஜீரிய விடுதலைப் போராளி அலி லா புவாந்த் ஒளிந்திருந்த கஸ்பா வீட்டைப் பிரெஞ்சு ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தபோது, அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்து சரிந்து, எந்தப் போரிலும் இல்லாத பலர் மாண்டார்கள்.

அதனால்தான் ஒரு வீட்டை மட்டும் தேர்ந்தெடுத்து அழகாகச் சீரமைப்பது போதாது என்கிறேன். கஸ்பாவின் கெச்சாவா பள்ளிவாசல் 2018-ல் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. மனம் நிறைந்த வேலை. ஆனால் கஸ்பாவின் உயிர் குடியிருப்பு வரிசைகளில் இருக்கிறது. ஆபத்தான வீட்டிலிருந்து மக்களை வெளியேற்றி, புறநகர் அடுக்குமாடியில் குடியமர்த்துவது சரி, உயிர்தான் முக்கியம். அப்புறம் அந்த வீடு என்ன ஆகிறது? பூட்டிய வீட்டின் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆளில்லை. விரிசலில் மழைநீர் இறங்குகிறது, குழாய்க்கசிவை யாரும் பார்ப்பதில்லை. ஈரம் பொதுச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகிறது.

ஒரு சந்தின் ஒரு பக்க வரிசை முழுவதையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் குடும்பத்துக்கு, வீடு சரியானதும் திரும்பி வரும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். சொந்தக்காரர் பலராகப் பிரிந்து கிடக்கும் வீடுகளில், வழக்கு முடியும்வரை காத்திராமல் மாடிப் பூச்சையும் குழாயையும் நகராட்சியே சரிசெய்து, செலவைப் பின்னர் கணக்கில் வைக்கலாம். பழைய செங்கலுக்கும் சுண்ணாம்புச் சாந்துக்கும் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களிடம் அந்தப் பகுதி இளைஞர்கள் சம்பளத்தோடு தொழில் கற்க வழி செய்யுங்கள். முட்டுக் கொடுத்த மரங்களோடு காத்து நிற்கும் வீடுகளிலிருந்து, அடுத்த மழைக்கு முன்பாகவே தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்