பாக்குவெட்டியும் கால் மாத்திரையும்

பாளையங்கோட்டை
மாசி முதல் வாரம்

அன்புள்ள நண்பனுக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. எங்கள் நாய் செவலைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. அதை ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாத நிலையில் உனக்கு அரைகுறையாகச் செய்தி சொல்ல மனம் வரவில்லை. நேற்றுக் காலையில், எதிர்வீட்டு மாடிப்படியில் காயப் போட்டிருந்த கருவாட்டை அவள் தின்றுவிட்டாள் என்று புகார் வந்தது. ஆறு வருடத்தில் அடுத்தவர் வீட்டுப் பொருளில் வாய் வைக்காதவள். புகார் சொல்ல வந்தவர் முகத்துக்கு நேராகவே நானும் உன் மதினியும் சிரித்துவிட்டோம். சரி, இனி உனக்கு எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வரவில்லை. முதல் நாள் இரவு கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். பையன்கள் மிச்சம் வைத்திருந்த தீபாவளி வெடிகளையும் போட்டுத் தீர்த்தார்கள். அந்தப் பயம் என்று விட்டுவிட்டேன். பால்சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. மாலையில் கொல்லையில் அவள் சிறுநீர் கழித்த இடம் அடர் மஞ்சளாக இருந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியும் மஞ்சள். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, 'காமாலைதான், சந்தேகமே வேண்டாம், கீழாநெல்லி கொடுங்கள்' என்றார். 34 ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்திய நான், கொல்லையில் முளைத்திருந்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, அவள் வாயைப் பிளந்து ஊற்றினேன். பாதியைக் குடித்தாள், மீதியை என் சட்டையில் கக்கினாள். மறுநாள் அருகிலிருந்த ஒரு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவரும் ஈரல் கோளாறு என்றே கருதி, குளுக்கோஸ் ஏற்றி, ஈரலுக்கு டானிக் எழுதிக் கொடுத்தார். மஞ்சளைக் கண்டால் யாருக்கும் ஈரல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் உதட்டை விலக்கி ஈறைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. விளக்கைப் போட்டு அவள் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஊறவைத்து உரித்த உளுந்து இருக்குமே, அந்த நிறத்தில் இருந்தது ஈறு. மூச்சு வேகமாக வாங்கியது. நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு தறிகெட்டு ஓடியது. ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் கொண்டு போனோம்.

அங்கே இருந்த பெண் மருத்துவர் வயதில் என் மகளைவிடச் சிறியவர். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தமும் கொஞ்சம் உப்பு நீரும் கலந்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தார். நல்ல இரத்தமாக இருந்தால் சீராகப் பரவி நிற்க வேண்டும். இவளுடையது ரவை ரவையாகத் திரண்டது. பிறகு நுண்குழாயில் அடைத்துச் சுழற்றி எடுத்துவந்து காட்டினார். சிவப்பணுக்கள் அடியில் தங்கும். குழாயின் மொத்த உயரத்தில் அவை எத்தனை விழுக்காடு என்பதைத்தான் பி.சி.வி. என்கிறார்கள். நாய்க்கு அது 37க்கும் 55க்கும் இடையில் இருக்க வேண்டும். செவலைக்கு 13. மேலே நின்ற நீர் மஞ்சள் கரைசலாக இருந்தது. ஆய்வகத்தில் எத்தனையோ கரைசல்களைக் குழாயில் பார்த்தவன் நான்; அந்தக் குழாயை மட்டும் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

நோயின் பெயரை ஐ.எம்.எச்.ஏ. என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார்; ஒரு வகை இரத்தசோகை. கிருமியையும் அந்நியப் பொருளையும் எதிர்ப்பதற்காக உடம்பு வைத்திருக்கும் எதிர்ப்பு சக்தி, தன்னுடைய சிவப்பணுக்களையே அந்நியம் என்று எண்ணி, அவற்றின் மேல் அடையாளம் ஒட்டிவிடுகிறது. அடையாளம் ஒட்டப்பட்ட அணுக்களை மண்ணீரலும் ஈரலும் கொறித்தும் விழுங்கியும் அழிக்கின்றன. சில சமயம் இரத்தக் குழாய்க்குள்ளேயே அவை வெடித்துவிடுகின்றன. மூன்று நான்கு மாதம் வாழ வேண்டிய அணு, சில நாளில் போய்விடுகிறது. அழிந்த அணுக்களின் சாயம்தான் அந்த மஞ்சள். ஈரல் கெட்டதால் வந்ததல்ல, ஈரலால் அள்ளித் தீர்க்க முடியாத அளவு குவிந்ததால் வந்தது. எலும்பு மச்சை புதிய அணுக்களை உருவாக்கத் தொடங்கினாலும், அவை இரத்தத்தில் கணக்காக வந்து சேர நான்கைந்து நாள் ஆகும் என்றும், அந்த நான்கைந்து நாளை அவள் தாண்டுவாளா என்பதுதான் முதல் கேள்வி என்றும் சொன்னார். பிழைக்கும் வாய்ப்பைக் கேட்டேன். 'பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா' என்றார். கூட்டிச் சொல்லாததற்கு இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

அதன் பிறகு கேள்விகள். உண்ணி இருந்ததா? இங்கே எந்த நாய்க்குத்தான் உண்ணி இல்லை? உண்ணி கடித்துப் பரவும் பபேசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து இதே கோலத்தைக் காட்டும். எர்லிச்சியா என்ற கிருமியும் இந்தக் கோளாற்றைத் தூண்டக் கூடும். அண்மையில் ஏதாவது மருந்தோ தடுப்பூசியோ போட்டதா? சாப்பாட்டில் வெங்காயம் சேர்ந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியில் உன் மதினியின் முகம் செத்துவிட்டது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது; சின்ன வெங்காயச் சாம்பார் மிஞ்சினால் சோற்றில் பிசைந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெங்காயத்தால் வந்திருந்தால் அணுக்களில் அதற்குரிய தடயம் தெரியும், இதில் அது இல்லை என்று மருத்துவர் இரண்டு முறை சொன்ன பிறகும், வீட்டுக்கு வந்து இவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். பபேசியாவுக்கும் எர்லிச்சியாவுக்கும் அனுப்பிய பரிசோதனைகள் ஐந்து நாளில் 'இல்லை' என்று வந்தன. ஆனாலும் எர்லிச்சியாவை முழுதாக ஒதுக்க முடியாது என்று 28 நாள் டாக்சிசைக்ளின் கொடுத்தார். ஆக, காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பாதிக்கும் மேற்பட்ட நாய்களில் கிடைப்பதில்லையாம். எந்த வினைக்கும் வினைபடு பொருள் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தே பிழைத்தவனுக்கு அதை ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை. பதினைந்து நாள் நான் வெடிப்புகையையும் கொல்லையில் அடித்த பூச்சிமருந்தையும் அந்தக் கீழாநெல்லியையும் மாறி மாறிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றார்கள். நாய்களுக்கான இரத்த வங்கி சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது, ஆனால் அது 600 கிலோமீட்டர். நாமே கொடையாளியைத் தேட வேண்டியதாயிற்று. 25 கிலோவுக்கு மேல் எடை, ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள், தடுப்பூசி எல்லாம் போட்டு நோய் இல்லாததாக இருக்க வேண்டும். என்னிடம் படித்த ஒருவன் சங்கரன்கோவில் சாலையில் செங்கல் சூளை வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு ராஜபாளையம் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னேன், ஒன்றரை மணி நேரத்தில் சுமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். 2005ஆம் ஆண்டு தபால் தலையில் வந்த இனம் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் வந்த நான்கு தபால் தலைகளையும் முதல் நாள் உறையோடு எனக்கு அனுப்பியவனே நீதான். தபால் தலையில் சாதுவாக நிற்கும் அது, நேரில் அந்நியரைச் சும்மா விடாத நாய். அன்று என்ன நினைத்ததோ, கழுத்தில் ரோமத்தை மழித்து ஊசி குத்தியபோதும், எசமான் கையில் மோவாயை வைத்தபடி, பை நிறையும்வரை பெருமூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தது. நாய்களுக்குப் பொதுவாக வேற்று இரத்த வகைக்கு எதிரான பொருள்கள் பிறவியிலேயே வலுவாக இருப்பதில்லை என்பதால் முதல் முறை ஏற்றுவது பெரும்பாலும் தாங்கிவிடுமாம். இருந்தும் வகை பார்த்துத்தான் ஏற்றினார்கள். முதல் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக, வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டே. மாலையில் பி.சி.வி. 21 ஆயிற்று. மூன்றாம் நாள் 17க்கு இறங்கியது. கொடுத்த இரத்தத்தையும் சேர்த்தே அழிக்கிறது என்று பொருள்.

அந்த 17 வந்த இரவில்தான் உன்னை நினைத்தேன். 1994இல் நீ சங்கரன்கோவில் தபால் நிலையத்தில் இருந்தபோது உன் மணி இரண்டே நாளில் வெளுத்துப்போய் இறந்தான். துக்கம் கேட்க வந்தேன் என்ற பெயரில் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, 'நாய்தானே, நல்ல குட்டியாக ஒன்று கொண்டுவந்து தருகிறேன்' என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த காப்பி டம்ளரை, நான் குடித்து முடிக்கும் முன்பே வாங்கிக்கொண்டு உள்ளே போனாய். ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இப்போது என் பெரியப்பா மகன் அதே வார்த்தைகளைத் தொலைபேசியில் சொன்னபோது, ரிசீவரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. மணிக்கு வந்தது இதே நோய்தானா என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது. நான் மன்னிப்புக் கேட்பது நோய்க்காக அல்ல, அந்த வாக்கியத்துக்காக. செலவைப் பற்றியும் சொந்தக்காரர்கள் பேசினார்கள். இரண்டு மாத ஓய்வூதியம் போயிருக்கிறது. பேசட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு நாள்களை மாத்திரைகள்தான் நடத்துகின்றன. எதிர்ப்பு சக்தியை அடக்குவதற்கு ஸ்டீராய்டு: 18 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று. இன்னொன்றுதான் எனக்கு வேடிக்கை. இந்த நோயில் இரத்தம் குறைந்து சாவதைவிட, இரத்தம் உறைந்து நுரையீரலில் அடைத்துக்கொண்டு சாவதுதான் அதிகமாம். முதல் இரண்டு வாரம் அந்தப் பயம். அதைத் தடுக்கும் மாத்திரை எது என்று பார்த்தால் குளோபிடோக்ரல், என் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து நான் விழுங்கிக்கொண்டிருக்கும் அதே 75. அவளுக்குக் கால் பங்கு. கத்தியால் வெட்டினால் மாத்திரை பொடியாகிறது. கடைசியில் உன் மதினி, அவளுடைய அம்மா விட்டுப்போன பாக்குவெட்டியை எடுத்து வந்தாள். கொட்டைப்பாக்கை நாலாக வகிர்ந்த பழக்கத்தில் மாத்திரையையும் சீராக நாலாக நறுக்கினாள். காலை ஏழரை மணிக்கு ஒரே அட்டையிலிருந்து எனக்கு ஒன்று, செவலைக்குக் கால். அவளுடையது இட்லித் துண்டுக்குள். இட்லியை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் துப்புவதற்கு இரண்டாம் நாளே கற்றுக்கொண்டாள் என்பதால், இப்போது கோழி ஈரலுக்கு மாறியிருக்கிறோம்.

இரவில் நான் தூங்காமல் அவள் விலா ஏறி இறங்குவதை எண்ணுவேன். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் கண்ணை மூடலாம். விடிந்ததும் முதல் வேலை உதட்டைத் தூக்கிப் பார்ப்பது. நோயைத் தாங்கிக்கொள்வது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், தைரியம், நம்பிக்கை என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியாது. எண்ண ஏதோ ஒன்று இருந்தது, அதை எண்ணினேன். பழைய ஆய்வக நோட்டு ஒன்றில் தேதி, மூச்சு, ஈறின் நிறம், சாப்பிட்ட அளவு என்று நான்கு பத்திகள் போட்டிருக்கிறேன். ஈறின் நிறத்துக்கு உளுந்து, முந்திரி, ரோசாப்பூ, கொய்யா என்று தரம் பிரித்து வைத்திருக்கிறேன். மருத்துவர் அதைப் பார்த்துச் சிரித்தாலும், படித்துப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை.

இரண்டாம் வார முடிவில் பி.சி.வி. 24. ஐந்தாம் வாரம் 33. சென்ற வாரம் 38. ஸ்டீராய்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்து 25 மில்லிகிராமாக்கியிருக்கிறார். இன்னும் நான்கைந்து மாதம் இப்படிப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தினால் நோய் திரும்பிவிடும், இறக்கும்போதே சில நாய்களுக்குத் திரும்புவதும் உண்டு. இனி எந்தத் தடுப்பூசியையும் அவரைக் கேட்காமல் போடக் கூடாது. உண்ணிக்கு மாதம் தவறாமல் மருந்து. ஸ்டீராய்டின் கூலியாக அவளுக்கு வயிறு பானை போலத் தொங்குகிறது, தொடைச் சதை வற்றிவிட்டது, தெருவில் பார்ப்பவர்கள் 'குட்டி போடப் போகிறதா' என்று கேட்கிறார்கள். அடங்காத தாகம், அடங்காத பசி. கருவாட்டுத் திருட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். அவ்வளவு உப்பைத் தின்றுவிட்டு, நேற்று இரவு மட்டும் மூன்று முறை தண்ணீர்ச் சட்டியைக் காலியாக்கி, நான்கு முறை என்னைக் கொல்லைக்கு எழுப்பினாள்.

வியாழக்கிழமை மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள். குறைத்த மருந்தில் 38 நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு தெரிந்ததும் தொலைபேசியில் கூப்பிடுகிறேன், கடிதத்துக்குக் காத்திராதே. எதிர்வீட்டுக்காரர் கருவாட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் சந்தையில் அரைக் கிலோ வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று உன் மதினி சொல்கிறாள். இந்த முறை மாடியில் காயப் போடும்படி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் நண்பன்