வாதி யார் என்று பார்

மயிலாடுதுறை
12.10.2025

அம்மாடி,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குட்டி கேட்டதற்கு, "சிக்னல் சரியில்லைடா கண்ணா, அப்புறம் சொல்றேன்" என்று நழுவினேனே, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் இல்லை. "தாத்தா, கிரேவன் இமேஜ்னா நம்ம வீட்டுப் பிள்ளையாரா? அதைச் செய்யக் கூடாதுன்னு கிளாஸ்ல எழுதி மாட்டியிருக்கு." உங்கள் டெக்சஸ் சட்டப்படி வகுப்பில் மாட்டிய பைபிளின் பத்துக் கட்டளைகளில், செதுக்கிய சிலை செய்யாதே என்று வருகிற வரிதான் அது. கேட்டுவிட்டு அது பாட்டுக்கு விளையாடப் போய்விட்டது. ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வராமல் கிடந்தவன் நான்தான்.

மறுநாள் நீ தனியாகப் பேசியதும் காதிலேயே நிற்கிறது. டீச்சர் நல்ல மனுஷி, "குழந்தைக்குச் சங்கடமாக இருந்தால் அந்தப் பக்கம் பார்க்காதபடி இடம் மாற்றி உட்கார வைக்கிறேன்" என்று தானாகவே சொன்னார் என்றாய். மாப்பிள்ளை, கிரீன் கார்டு கைக்கு வரும் வரை எதிலும் பேர் அடிபட வேண்டாம் என்கிறார் என்றாய். கடைசியில், "நாமளும் கோயில் குளம்னு போறவங்கதானே அப்பா, சுவத்துல சாமி பேர் இருந்தா நாம எதுக்கு எதிர்க்கணும்? அதெல்லாம் சாமி இல்லைங்கறவங்க வேலை" என்றாய். மற்ற இரண்டுக்கும் பிறகு வருகிறேன். இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்த லெட்டர். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் "ஒரு கால் வருதுப்பா" என்று வைத்துவிடுவாய்.

முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழக்குக் கட்டைப் பிரித்ததும் பிராது என்ன என்று பார்க்க மாட்டேன், வாதி யார் என்று பார்ப்பேன். பாதி வழக்கு அதிலேயே புரிந்துவிடும். இந்த ஒரு வாரமாக உங்கள் நாட்டு மதம்–அரசு விவகாரத்தையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். சாமி இல்லை என்பவர்கள் வரிசையாக நிற்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பக்திமான்கள்.

நியூயார்க்கில் நீ இருந்தபோது எங்களை ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனாயே, நினைவிருக்கிறதா? தெருப் பலகையை 'பவுன் தெரு' என்று படித்துவிட்டு, "நகைக்கடை எங்கே?" என்று அம்மா கேட்டாள். பிறகு கேன்டீனில் தோசை. அந்த பவுன் ஒரு ஆள், அம்மாடி. ஜான் பவுன். அவர் கதையைப் படித்த பிறகு, அந்தத் தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்ததற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அப்போது அந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில். ஆளுநர் ஸ்டைவசன்ட். தங்கள் சபையைத் தவிர வேறு யாரும் கூடித் தொழக் கூடாது, க்வேக்கர் என்ற தனிக் கிறிஸ்தவப் பிரிவினருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் அபராதம் என்று உத்தரவு போட்டார். 1657 டிசம்பர் 27-ஆம் தேதி ஃப்ளஷிங் ஊர்க்காரர்கள் முப்பது பேர் போல, "இந்த உத்தரவுக்கு எங்களால் கட்டுப்பட முடியாது" என்று கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட க்வேக்கர் கிடையாது. அடுத்தவனுக்காகப் போட்ட மனு. யூதர், துருக்கியர் என்று வேற்று மதத்தவரையும் அதில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். மனுவை எழுதியது யார் தெரியுமா? ஊர்க் கிளார்க், எட்வர்ட் ஹார்ட். ஒரு கிளார்க்! பிடித்து உள்ளே வைத்தார்கள். சில வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தார். அதற்காக அவரை நான் குறைத்து மதிக்க மாட்டேன். பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வான்?

ஐந்து வருஷம் கழித்து ஜான் பவுன் தன் வீட்டில் க்வேக்கர்களைக் கூட விட்டார். 1662-ல் கைது. அபராதம் கட்ட மாட்டேன் என்றார், நாடு கடத்தினார்கள். அவர் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், அந்த ஊரை ஆண்ட டச்சுக் கம்பெனியின் முதலாளிகளிடமே முறையிட்டார். 1663-ல் அவர்கள், "ஜனங்களின் மனசாட்சியில் கை வைக்காதே" என்ற பொருளில் ஸ்டைவசன்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆள் ஜெயித்துத் திரும்பினார். அவர் வீடு இன்னமும் அதே தெருவில் இருக்கிறது. அதே தெருவில்தான் 1977 ஜூலை 4-ஆம் தேதி நம் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அந்தக் கோயிலுக்கு அடி போட்டவர்களில் முக்கியமானவர் கானாடுகாத்தான் அழகப்பன், நம்மூர் மனுஷர். விக்கிரகமே கூடாது என்ற சாமியைக் கும்பிட்ட ஒருவர் ஜெயிலுக்குப் போன தெருவில் நம் விக்கிரகம் உட்கார்ந்திருக்கிறது. குட்டிக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த கட்டு, டான்பரி. மதத்துக்கும் அரசுக்கும் நடுவே என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் 'பிரிவினைச் சுவர்' என்ற சொல், அரசியல் சட்டத்தில் இல்லை. 1791-ன் முதல் திருத்தத்தில் மதம் பற்றி இருப்பதெல்லாம், காங்கிரஸ் எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவிச் சட்டம் போடக் கூடாது, யாருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது என்பதுதான். சுவர் வந்தது ஒரு கடிதத்தில். கனெக்டிகட் மாநிலத்தில் அப்போது காங்கிரிகேஷனல் சபைக்குத்தான் அரசு ஆதரவு, ஊரார் வரியில் பாதிரிக்குச் சம்பளம். பாப்டிஸ்ட்காரர்கள் வரியிலிருந்து தப்ப, நாங்கள் வேறு சபை என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் விட்டுவிடுவார்கள். கொடுமை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 1801 அக்டோபரில் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்தார் அதிபர் ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள்: எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் சலுகையாகக் கிடைக்கிறது, உரிமையாக இல்லை.

உன் டீச்சர் சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் பார். இடம் மாற்றி உட்கார வைக்கிறேன் என்பது சலுகை. இந்த வருஷ டீச்சர் நல்லவர். அடுத்த வருஷம் வருகிறவர் எப்படியோ. அது மட்டுமில்லை, சுவரைப் பார்க்காமல் தனியாக உட்காரும் பிள்ளை எது என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். சர்டிபிகேட் எழுதிக் கொடுத்த பாப்டிஸ்ட் மாதிரி.

சுவர் என்ற சொல்லை வைத்து ஜெஃபர்சன் அவர்களுக்குப் பதில் எழுதியது 1802 ஜனவரி 1. அன்றைக்கே இன்னொரு கூத்தும் நடந்தது. மாசசூசெட்ஸில் செஷயர் என்ற ஊரிலிருந்து ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1,235 ராத்தல் எடையுள்ள ஒரு பாலாடைக்கட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அதிபர் மாளிகையில் இறக்கினார். நம் கணக்கில் 560 கிலோ. எதிர்க்கட்சிக்காரன் மாட்டுப் பால் ஒரு சொட்டுக்கூடச் சேராமல் செய்தது என்று பெருமை வேறு! மதச் சுதந்திரத்துக்காக நின்ற அதிபருக்குப் பக்தர்கள் கொடுத்த நன்றி அது. ஜெஃபர்சன் ஓசியில் வாங்கிக்கொள்ளவில்லை, 200 டாலர் கொடுத்தார். இன்னும் கேள். சுவர் என்று எழுதிய இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அதே லேலண்ட் பிரதிநிதிகள் சபைக் கட்டடத்திலேயே பிரசங்கம் செய்தார். ஜெஃபர்சன் போய் உட்கார்ந்து கேட்டார். சுவர் கட்டியவரே கதவு வழியாகப் போய் வந்திருக்கிறார் என்று எதிர்த்தரப்பு இன்றைக்கும் வாதாடுகிறது. அதில் விஷயம் இல்லாமல் இல்லை. நாணயத்தில் கடவுள் பெயர் 1864-லிருந்து இருக்கிறது, கொடி உறுதிமொழியில் 1954-ல் சேர்த்தார்கள். அந்தச் சுவர் ஒருநாளும் நேர்க்கோட்டில் இருந்ததில்லை.

வளைந்து போகிற அழகை 2005-ல் பார்க்கலாம். உங்கள் ஆஸ்டினில் சட்டமன்ற வளாகத்தில் பத்துக் கட்டளைக் கல் இருக்கிறதே, அது இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. அதே நாள், கென்டக்கி கோர்ட்டுகளில் மாட்டிய கட்டளைகள் கூடாது என்று இன்னொரு 5-க்கு 4. இரண்டிலும் ஜெயித்த பக்கம் இருந்தவர் நீதிபதி பிரேயர் ஒருவரே. ஆஸ்டின் கல் நாற்பது வருஷமாக யாரும் தகராறு செய்யாமல் நிற்கிறது, தவிர அது பள்ளிக்கூட வளாகத்தில் இல்லை, பிஞ்சு மனசு இருக்கிற இடத்தில் அரசு கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எழுதினார். கென்டக்கியில் வகுப்பறைக்குள் மாட்டியதை 1980-லேயே தள்ளிவிட்டார்கள். 2022-ல் ஒரு ஃபுட்பால் கோச் மைதானத்தில் மண்டியிட்டு ஜெபித்த வழக்கில் 6-க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்பான பிறகுதான் காற்று திரும்பியது. வகுப்பறையில் கட்டளைகளை மாட்டச் சொல்லி 2024-ல் லூசியானா சட்டம் போட்டது, 2025-ல் உங்கள் டெக்சஸ். போஸ்டர் குறைந்தது 16-க்கு 20 அங்குலம் இருக்க வேண்டும் என்று அளவு வரைக்கும் சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

அந்தப் போஸ்டரில் இருப்பது யாருடைய பத்து? யூதர் எண்ணும் வரிசை வேறு, கத்தோலிக்கர் எண்ணுவது வேறு, புராட்டஸ்டன்ட் வேறு. பள்ளியில் எந்தப் பைபிளை வாசிப்பது என்ற சண்டை முற்றி 1844-ல் ஃபிலடெல்ஃபியாவில் கலவரமே வந்தது. கத்தோலிக்கக் கோயில்கள் இரண்டைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களும் கிறிஸ்தவர்கள்தான்.

சரி, மாப்பிள்ளை விஷயம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். அதற்கும் உங்கள் மாநிலத்திலேயே ஒரு கட்டு இருக்கிறது. கால்வெஸ்டன் பக்கம் சான்டா ஃபே என்ற ஊர். பள்ளி மேட்சுக்கு முன்னால் மைக்கில் ஜெபம். பாப்டிஸ்ட்காரர்கள் நிறைந்த ஊர். ஒரு டீச்சர் வகுப்பில் சபைக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்தார். ஒரு பிள்ளை, "பாப்டிஸ்ட் இல்லாதவர்களும் போகலாமா?" என்று கேட்டது. நீ எந்தச் சபை என்று விசாரித்து, மார்மன் என்று தெரிந்ததும் அந்த மதத்தையே வகுப்பில் வைத்துத் திட்டித் தீர்த்தாராம் டீச்சர். வழக்குப் போட்டவர்கள் ஒரு மார்மன் குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும். ஊர் அவர்களைச் சும்மா விடாது என்பதால், பெயரை வெளியிடாமலே நடத்த நீதிபதி அனுமதித்தார். 2000 ஜூனில் 6-க்கு 3 என்று ஜெயித்தார்கள். அவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. 1801-ல் வாதியாக நின்ற பாப்டிஸ்ட், இருநூறு வருஷத்தில் பிரதிவாதிப் பக்கம் போய்விட்டார்கள். எண்ணிக்கை கூடினால் ஞாபகம் குறையும் போலிருக்கிறது.

என் ஞாபகமும் அப்படித்தான். 2000 செப்டம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் முதல் தடவையாக ஒரு இந்து அர்ச்சகர் பிரார்த்தனை சொன்னார், ஒஹையோ சிவ விஷ்ணு கோயில்காரர். பேப்பர் கட்டிங்கை எடுத்துப் போய்க் கோர்ட்டில் எல்லோருக்கும் காட்டினேன். 2007-ல் செனட்டில் இன்னொருவர் சொல்ல ஆரம்பித்ததும் மேலே கேலரியில் இருந்து சிலர் கத்தி இடைமறித்தார்கள், போலீஸ் வந்தது. எனக்குக் கோபமான கோபம். நம்முடையதற்குக் கதவு திறந்தால் பெருமை, அடுத்தவருடையது குட்டியின் வகுப்புக்குள் வந்தால் வருத்தம் என்று இருந்தால் நான் எந்தப் பக்கம்? இன்னும் எனக்கே தெளிவில்லை.

நான் படித்ததும் மிஷன் ஸ்கூல்தான். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" இன்றைக்கும் தட்டாமல் வரும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அது அவர்கள் பள்ளிக்கூடம். குட்டி படிப்பது உங்கள் வரிப்பணத்தில் நடக்கிற பள்ளி, மாட்டச் சொன்னது அரசாங்கம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகஸ்டில் சான் ஆன்டோனியோ ஃபெடரல் நீதிபதி 11 பள்ளி மாவட்டங்களுக்குத் தடை உத்தரவு கொடுத்திருக்கிறார். வாதிகளில் யூதர், கிறிஸ்தவர், இந்து எல்லாம் உண்டு. உங்கள் மாவட்டம் அதில் இல்லை. அதை எதிர்த்து அப்பீல் போயிருக்கிறது. நீ வழக்குப் போடு என்று நான் சொல்லவில்லை. பிரின்சிபாலுக்குப் பணிவாக ஒரு லெட்டர் எழுதினால் அது தப்பும் இல்லை, சாமிக் குற்றமும் இல்லை. மாப்பிள்ளையும் நீயும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. எட்வர்ட் ஹார்ட்டைச் சொன்னேனே.

குட்டியிடம், பிள்ளையாரை எடுத்து ஒளித்து வைக்க வேண்டாம் என்று சொல். அந்த வரியை மனசார நம்புகிற நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது அவர்கள் வீட்டு வழக்கம் என்றும் சொல். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா அதிரசமும் முறுக்கும் கூரியரில் போட்டிருக்கிறாள். தீபாவளிக்குள் வருமா என்பது சந்தேகம்தான். முறுக்கு உடைந்திருந்தால் அவளிடம் சொல்லாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்டியைக் கூப்பிடச் சொல், சிக்னல் நன்றாக இருக்கும்.

அப்பா