உரம் படாத மேடு

போர்ட்ஸ்மவுத், இங்கிலாந்து,
ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா?

நான் அனுப்பின குன்று போட்டோவைப் பாத்துட்டு, "இவ்வளவு பெரிய மேட்டை ஏன் தரிசாப் போட்டு வச்சிருக்காங்க"ன்னு கேட்டீங்க. போன்ல சொன்னா பாதியில கட்டாயிடும், அதான் எழுதுறேன்.

அது ஓல்ட் வின்செஸ்டர் ஹில். மியான் ஆத்துப் பள்ளத்தாக்குக்கு மேல இருக்கு. உச்சியில இரும்புக்காலத்துக் கோட்டையோட மண்கரை இன்னும் நிக்குது. அடியில முழுக்கச் சீமைச்சுண்ணாம்பு, டைனோசர் காலத்துக் கடல்ல மிதந்த நுண்பாசிகளோட ஓடு படிஞ்சு உண்டானது. மேல மண் ஒரு சாண்கூடத் தேறாது. பெய்யுற மழையும் நிக்காம இறங்கிடும்.

நீங்க பாத்தா காறித் துப்புவீங்க, அவ்வளவு சத்தில்லாத மண். ஆனா அந்தச் சத்தில்லாமைக்குத்தான் இங்க காவல் போட்டிருக்காங்க. மண்ணு கொழுத்தா முரட்டுப் புல்லு ஓங்கி மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். பட்டினி மண்ணுல எதுவும் ஓங்க முடியறதில்ல. ஒரு சதுர மீட்டருக்குள்ள 40 வகைச் செடிகூட இருக்குமாம். மிதிச்சா மணக்கிற தைம், வெள்ளரிக்கா வாசனை அடிக்கிற ஒரு இலை, தேனீ உக்காந்திருக்கிற மாதிரியே பூக்கிற ஆர்க்கிட். இப்ப கோட்டைக் கரையில ராம்பியன் பூத்திருக்கு, கருநீலத்துல உருண்டை உருண்டையா. சவுத் டவுன்ஸ் குன்றுகளை விட்டா இந்த நாட்டுல அது அதிகம் கிடையாது. பயறுக் குடும்பத்துச் செடி ஒண்ணு தரையோட படர்ந்திருக்கு. ஒரு நீல வண்ணத்துப்பூச்சியோட புழு அதை மட்டும்தான் திங்கும். அந்தப் புழு கசியவிடுற இனிப்புக்காக எறும்புங்க காவல் நிக்குது.

இதெல்லாம் தானா வந்ததில்லப்பா, ஆடு பண்ணின வேலை. அந்தக் காலத்துல பகல்ல மேட்டுல மேய்ச்சு, ராத்திரி கீழ உழவு நிலத்துல பட்டி அடைப்பாங்களாம். நம்ம கிடையேதான்! மேட்டுச் சத்து பல நூறு வருஷமா ஆட்டு வயித்துல ஏறி வயலுக்கு இறங்கிடுச்சு. நீங்க வயலுக்கு என்ன ஆச்சுன்னு பாப்பீங்க, இவங்க மேட்டுக்கு என்ன ஆச்சுன்னு பாக்கறாங்க.

ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் இந்த மாதிரி புல்வெளியில 80 சதவீதம் உழவுக்கும் ரசாயன உரத்துக்கும் போயிடுச்சாம். 1953ல முயல் நோய் வேற வந்து, புல்லைக் கறிச்ச முயலெல்லாம் செத்து, முள்ளு ஏறிடுச்சு. போர்க்காலத்துல இந்த மேட்டுல மோர்ட்டார் குண்டு போட்டுப் பழகியிருக்காங்க. வெடிக்காதது இன்னும் கிடக்கலாம்னு சில இடத்துல போகக்கூடாதுன்னு பலகை.

இப்பவும் ஆடு விட்டுத்தான் காப்பாத்தறாங்க. எங்க, எப்ப, எத்தனை ஆடுங்கிறதுல அப்படி ஒரு கணக்கு. பூ விதை போட விடணும், புல்லும் ஓங்கக்கூடாது. குளிர்காலத்துல தொண்டர்கள் முள்ளு வெட்டறாங்க. எங்க ஆஸ்பத்திரி வார்டு அக்கா ஒருத்தங்க என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. வெட்டினதை அங்கயே விட மாட்டாங்க, மக்கினா உரமாயிடும். நாயைக் கூட்டிட்டு வர்றவங்க அதோட கழிவையும் பையில எடுத்துட்டுப் போகணும். ஆட்டாம்புழுக்கைக்கு நீங்க சண்டை போட்டதெல்லாம் நெனச்சுச் சிரிச்சுக்கிட்டேன்.

இந்த வருஷம் கிடைக்கு யாரு யாரு கேட்டிருக்காங்க? ராத்திரிக்கு எவ்வளவு தர்றாங்க? எங்க ஆளுங்ககிட்ட சொல்லணும், எழுதுங்க. அம்மா மாத்திரையை விடாம சாப்பிடச் சொல்லுங்க.

உங்கள் அன்பு மகள்