பெட்டியைத் தேடும் முன் முத்திரையைச் செதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறைப் பொழுதுபோக்குகள் பற்றிய உங்கள் கட்டுரையில், ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை அவர் எழுதிய துப்பை வைத்துத் தேடும் லெட்டர்பாக்ஸிங் விளையாட்டை ‘ஜிபிஎஸ் புதையல் வேட்டையின் ஒரு வகை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உண்மையில் இதுதான் மூத்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்காவில் இது பரவியது 1998-இல் ஸ்மித்சோனியன் இதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு. ஜிபிஎஸ் வேட்டையோ 2000-இல்தான் பிறந்தது.

ஒளித்து வைத்த பெட்டிக்குள் எடுத்துப்போக எதுவும் இருக்காது. ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும்தான். அந்த முத்திரையை உங்கள் நோட்டில் பதித்துக்கொள்கிறீர்கள். உங்கள் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதித்து, தேதியும் புனைபெயரும் எழுதுகிறீர்கள். அதனால் முதல் வேலை சொந்த முத்திரை. கடையில் வாங்கியதும் செல்லும். ஆனால் இந்த விளையாட்டின் பாதி சுவை செதுக்குவதில் இருக்கிறது.

பெரிய அழிரப்பர் ஒன்றும் லினோ என்ற மென்மையான அச்சுத் தகட்டைச் செதுக்கும் வி வடிவ உளி ஒன்றும் போதும். படத்தைப் பட்டர் பேப்பரில் 2பி பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கம் ரப்பரின் மேல் படும்படி கவிழ்த்து, நகத்தால் தேயுங்கள். ரப்பரில் படம் இடவலம் மாறி விழும். தாளில் பதிக்கும்போது நேராகிவிடும். எழுத்துகளை நேரே ரப்பரில் எழுதுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வளைவுகளில் உளியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள், கோடு வழுக்காது. உளியைக் கோட்டுக்கு அடியில் நுழையும்படி சாய்த்து வெட்டினால் கோட்டின் அடிப்பகுதி குடையப்பட்டு, நாலைந்து தடவை பதித்ததும் பிய்ந்துவிடும். கோட்டுக்கு அடி அகலமாக, மேல் ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஆழம் இரண்டு மில்லிமீட்டர் தாராளம். கொஞ்சம் வெட்டி, பதித்துப் பார்த்து, மீண்டும் வெட்டுங்கள். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

மை தடவுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முத்திரையை மல்லாத்தி வைத்து ஸ்டாம்ப் பேடால் அதன்மேல் லேசாகத் தட்டுங்கள். முத்திரையைப் பேடில் அழுத்தினால் பள்ளங்களுக்குள்ளும் மை இறங்கி, படம் அப்பிக்கொள்ளும். சாய மை ஈரம் பட்டால் ஓடிவிடும். நிறமி மை காய்ந்த பிறகு நிற்கும், ஆனால் காய நேரம் எடுக்கும். அவசரப்பட்டு நோட்டை மூடினால் எதிர்ப் பக்கத்திலும் ஒரு பாதி முத்திரை ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் பேட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கோடு போடாத தடித்த தாள் நோட்டு, பேனா, திசைகாட்டி, இவற்றோடு உங்கள் பேடும் பையில் இருக்கட்டும்.

துப்புக் குறிப்பை வீட்டிலேயே கடைசி வரி வரை படித்துவிடுங்கள். ‘பாறையிலிருந்து 120 பாகையில் 50 அடி வைத்து நட’ என்றால், இரண்டு கேள்விகள் எழ வேண்டும். அந்தப் பாகை திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கை வைத்துச் சொன்னதா, வரைபட வடக்கை வைத்துச் சொன்னதா? ஒவ்வொரு காலடியும் ஒரு எண்ணிக்கையா, இரண்டடி சேர்ந்து ஒன்றா? குறிப்பில் விளக்கம் இல்லாவிட்டால், முதல் இரண்டு அடையாளங்களுக்கு இடையே நடந்து பார்த்தாலே எழுதியவரின் அளவு பிடிபட்டுவிடும். திசைகாட்டியில் 10 பாகை பிசகினால் 50 மீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் விலகிப் போயிருப்பீர்கள். செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு திசைகாட்டியைப் பார்த்தால் இந்தப் பிசகு சர்வ சாதாரணம்.

பொந்திலும் பாறை இடுக்கிலும் கையை விடும் முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். பாம்போ குளவியோ உங்களுக்கு முன்பே குடியேறியிருக்கலாம். யாராவது வந்தால் அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள். பார்த்தவர் ஆர்வத்தில் தோண்டி எடுத்துப்போன பெட்டிகள் நிறைய.

குறைந்தது இருபது பெட்டியாவது தேடிக் கண்டுபிடிக்காமல் சொந்தப் பெட்டி வைக்கக் கூடாது என்பது எங்கள் கட்சி. எங்கே தண்ணீர் புகும், எந்த அடையாளம் நிலைக்காது என்பது மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால்தான் புரியும். பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். ரப்பர் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள டப்பாவாக இருக்கட்டும். நோட்டும் முத்திரையும் தனித்தனி ஜிப் பையில். பையின் ஒரு நுனி மூடியில் சிக்கினாலும், வளையத்தில் நாலு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அந்த வழியே மழை உள்ளே போகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தை ஓரளவு குடித்ததும் நிரம்பிவிடும். அதை நம்பி மூடியைக் கவனிக்காமல் விடாதீர்கள். வெள்ளம் ஏறும் ஓடைக்கரை வேண்டாம். நில உரிமையாளரின் அனுமதி அவசியம். மரத்தில் ஆணி அடிப்பது, மண்ணைத் தோண்டிப் புதைப்பது, பழங்காலச் சுவர்களிலிருந்து கல்லை உருவுவது கூடவே கூடாது. டப்பாவின் மேல் இது என்ன என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்; மர்மப் பொட்டலம் என்று யாராவது காவல்துறையை அழைத்துவிடக் கூடாது.

கண்டுபிடித்த பெட்டி நனைந்திருந்தால் துடைத்து, நோட்டைக் காற்றாட விட்டு, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே மூடி வையுங்கள். ‘இன்னும் நல்ல இடம்’ என்று இரண்டடி தள்ளி வைத்தால் அடுத்தவருக்குத் துப்பு பொய்யாகிவிடும். பெட்டியின் நிலையை, வைத்தவருக்கு அன்றே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெட்டி தேடும் வாசகர்கள் சிலர்